அபார்ட்மெண்டில் கார் சார்ஜிங்: ஆளுக்கொரு பிளக்கா, பொதுவில் கமர்ஷியல் பெட்டியா?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் 24 வீடு. மின்சாரக் கார் இரண்டே இரண்டாக இருந்தது, ஒரே வருஷத்தில் ஐந்தாகிவிட்டது. அசோசியேஷன் செயலாளர் பொறுப்பு அப்போது என் தலையில். பேச்சில் வந்தவை மூன்று வழிகள். அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் பார்க்கிங்குக்கு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட். பொதுவில் 7.4 கிலோவாட் கமர்ஷியல் ஏசி சார்ஜர் (வீட்டுக்கு வரும் மாற்று மின்சாரத்தை அப்படியே காருக்குக் கொடுப்பது) இரண்டு. இல்லையென்றால் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் (நேர் மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கே வேகமாக ஏற்றுவது) ஒன்று. இரண்டாவதைப் போட்டோம். நான் அதன் கட்சிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசியில் நேரம் செலவழிக்க வேண்டாம். 30 கிலோவாட் பெட்டியின் விலையே லட்சங்களில் போகிறது. ராத்திரி முழுக்க வண்டி சும்மா நிற்கிற இடத்தில் அவ்வளவு அவசரமாக ஏற்றி என்ன செய்யப்போகிறோம்? அது ஹைவே ஓட்டல் வாசலுக்கானது.

"மூணு ஃபேஸ்ல 22 கிலோவாட் ஏசி போட்டுடுங்க சார், நாளைக்கு உதவும்" என்று ஒரு விற்பனைக்காரர் விடாமல் போன் செய்தார். ஏசி சார்ஜரில் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை முடிவு செய்வது, அந்த மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தர காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர். எக்ஸ்யூவி 400 போன்ற வண்டி எடுப்பது அதிகபட்சம் 7.2 கிலோவாட், அதுவும் ஒரே ஃபேஸில், அதாவது கட்டிடத்துக்கு வரும் மூன்று மின் இணைப்புக் கம்பிகளில் ஒன்றில். குடத்தின் வாய் அவ்வளவுதான் என்றால் குழாயை அகலமாக்கி என்ன பயன்?

15 ஆம்பியர் பிளக்கை மட்டமாகப் பேச மாட்டேன். 3.3 கிலோவாட்டில் பத்து மணி நேரம் போட்டால் 33 யூனிட். வழியில் வீணாவது போக, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். ஊருக்குள் தினமும் அவ்வளவு ஓட்டுகிறவர் யார்? தனி வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடச் சொல்வேன். ஒன்று மட்டும், கோடையில் ஏர் கண்டிஷனர் ஓடி வீட்டு யூனிட் ஏற்கெனவே மேல் ஸ்லாபில் இருந்தால் கார் யூனிட்டும் அதே விலைக்குத்தான் வரும். இரண்டு மாதத்தில் 1000 யூனிட்டைத் தாண்டிய பிறகு யூனிட் 11 ரூபாய்க்கும் மேல்.

அடுக்குமாடியில் கதை வேறு. அங்கே பராமரிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் பாதுகாப்பு இணைப்பு. மே மாதம் மண் காய்ந்தால் எர்த் குழியும் காய்ந்துவிடும். சார்ஜர் எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு சும்மா இருந்துவிடும். முதல் தடவை அது நடந்தபோது வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டேன். வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் தொடக்கூட இல்லை. குழி மூடியைத் திறந்து இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினார், விளக்கு பச்சையானது. ஐந்து பேர் ஐந்து பிளக் போட்டிருந்தால் ஐந்து எர்த்தை யார் பார்ப்பது? இப்போது சார்ஜருக்கென்று இரண்டே குழி, வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் ஏறிய கோடு பார்க்கிங் தூணில் இன்னும் இருக்கிறது. இரண்டு பெட்டியையும் அந்தக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி விட்டு மாட்டினோம். அவரவர் போட்டுக்கொண்ட பழைய பிளக்குகள் முழங்கால் உயரத்தில்தான் இருந்தன.

மூன்றாவது மென்பொருள். கமர்ஷியல் பெட்டி என்றால் சிம், சர்வர், வருஷச் சந்தா எல்லாம் கூடவே வரும். என் மச்சான் குடியிருப்பில் தன் சொந்த ஆப்பை மட்டுமே கேட்கும் சார்ஜர் போட்டார்கள். விற்ற கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனதும் ஆப் செத்தது, சார்ஜர் சுவரில் தொங்கும் அலங்காரப் பொருளானது. அதைப் பார்த்த பிறகு நான் பிடிவாதமாகக் கேட்டது ஓசிபிபி. சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான பொது மொழி அது, எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை. ஒரு நிறுவனம் போனால் சர்வர் முகவரியை மாற்றி இன்னொன்றோடு இணைத்துக்கொள்ளலாம். "ஓசிபிபி இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் போதாது. முகவரி மாற்றும் பாஸ்வேர்டு உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். கேட்டதும் இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள், அவர்களை விட்டுவிட்டோம்.

"வண்டியே இல்லாதவன் எதுக்குப்பா காசு கொடுக்கணும்?" என்று மூன்றாம் மாடி மாமா கூட்டத்தில் எழுந்தார். நியாயமான கேள்வி. சார்ஜருக்குத் தனி மீட்டர் வாங்கி, ஆளுக்கொரு ஆர்எஃப்ஐடி அட்டை கொடுத்தோம். தட்டினால் யார், எத்தனை யூனிட் என்று பதிவாகிவிடும். யூனிட் விலையோடு பராமரிப்புக்கும் கொஞ்சம் சேர்த்து வாங்குகிறோம். பெட்டிகளின் செலவைக் கார் வைத்திருக்கும் ஐந்து வீடுகளே போட்டன. மாமா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு சார்ஜ் முடிந்த வண்டியை நகர்த்த யாரும் இறங்கி வருவதில்லை. இரண்டு பெட்டிக்கு ஐந்து வண்டி என்பதால் வாட்ஸ்அப்பில் முறை போட்டு ஓட்டுகிறோம், வெள்ளி இரவு சண்டை நிச்சயம். எங்கள் அனுபவமும் பதினாலு மாதம்தான், ஒரே ஒரு கோடை. காரில் செருகும் கன்னின் பின்களும், பெட்டிக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான காண்டாக்டரும் ஐந்தாறு வருஷம் தாங்குமா என்பதற்கு என் கையில் சாட்சி இல்லை. இதுவரை மாற்றியது ஒரு கன் ஹோல்டர் மட்டும், யாரோ ரிவர்ஸில் இடித்தது.

ஆறாவது கார் அடுத்த மாதம் வருகிறதாம். ஒரு பெட்டி ஆர் ஃபேஸில், இன்னொன்று ஒய் ஃபேஸில் இருக்கிறது. பி ஃபேஸில் மூன்றாவதற்கு கேபிள் இழுத்து, மூடி போட்டுத் தயாராக வைத்திருக்கிறோம்.