எல்லாரும் முதலாளியாக இருக்கும் ஒரு கடை

நான் வசிக்கும் ஊர் வட யார்க்‌ஷயரில், ரிச்மண்ட் என்னும் சந்தை நகரிலிருந்து காரில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பப், ஓர் ஊர் மண்டபம், நூற்றைம்பதுக்கும் குறைவான வீடுகள், வீடுகளைவிடப் பல மடங்கு ஆடுகள், இவ்வளவுதான் ஊர். அந்த மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி, மரப்பலகையால் கட்டப்பட்ட ஒற்றை அறையில் நடக்கும் சமூகக் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். கடையைப் பற்றிக் குறையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைக்குப் பொறுப்பானவர்களோ ஊதியம் எதுவும் வாங்காமல் கல்லாவில் நிற்கும் என் அக்கம்பக்கத்தார்.

கடை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் சரக்கைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. எங்கள் தெருவின் திருப்பத்தில் ‘பழைய அஞ்சலகம்’ என்று கற்பலகையில் ஆங்கிலத்தில் பொறித்த ஒரு வீடு உண்டு. அதற்கு இரண்டு வீடு தள்ளி ‘பழைய பள்ளிக்கூடம்’, குன்றின் அடிவாரத்தில் ‘பழைய கொல்லுப்பட்டறை’. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஓர் ஊர் எதையெல்லாம் இழந்திருக்கிறது என்பதை வீட்டு வாசல்களில் உள்ள பெயர்ப் பலகைகளைப் படித்தே கணக்கெடுத்துவிடலாம். 2007க்கும் 2009க்கும் இடையில் மட்டும் நாடெங்கும் ஏறத்தாழ 2,500 அஞ்சலகக் கிளைகள் மூடப்பட்டன. சிற்றூர்களில் அஞ்சலகமும் மளிகைக் கடையும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. அஞ்சல் வேலைக்கு மாதந்தோறும் வந்த தொகைதான் மளிகையில் விழும் துண்டை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொகை நின்றதும் பல கடைகளும் தள்ளாடின. எங்கள் ஊர்க் கடை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, உரிமையாளர் ஓய்வுபெற்றபோது வாங்க ஆளின்றிப் பூட்டப்பட்டது என்கிறார்கள்.

பிறகு ஊரார் கூடிப் பங்கு திரட்டினார்கள். ஒரு பங்கு 25 பவுண்டு. இத்தகைய கடைகள் பெரும்பாலும் கூட்டுறவுகள் குறித்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்யப்படுகின்றன. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. வேண்டாமென்றால் போட்ட பணத்தைச் சங்கத்திடமிருந்தே திரும்பப் பெறலாம், விலை ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் இந்த வழக்கம், 1844 டிசம்பரில் லங்காஷயரின் ராச்டேல் நகரில், டோட் லேன் என்னும் தெருவில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு ஆகியவற்றோடு கொஞ்சம் மெழுகுவர்த்தியையும் வைத்துக் கடை திறந்த தொழிலாளர்கள் கைக்கொண்டது. அயர்லாந்தில் பால் கூட்டுறவுகளை வளர்த்த ஹோரஸ் பிளங்கெட் 1919இல் நிறுவிய அறக்கட்டளை இன்று இத்தகைய கடைகளுக்கு ஆலோசனை சொல்லித் தருகிறது; பிரிட்டனில் இப்போது 400க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஊரே கடையை நடத்துகிறது. எங்கள் ஊராருக்கு உந்துதல் அவ்வளவு தூரத்திலிருந்து வரவில்லை. ரிச்மண்டை அடுத்த ஹட்ஸ்வெல்லில் 2008இல் மூடப்பட்ட ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ பப்பை ஊராரே விலைக்கு வாங்கி 2010இல் திறந்தார்கள். அதற்குள்ளேயே சின்ன நூலகமும் சின்னக் கடையும் வைத்தார்கள். 2016ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த பப் என்னும் விருதும் அதற்குக் கிடைத்தது. பக்கத்து ஊரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்ற ரோஷத்துக்கு யார்க்‌ஷயரில் பஞ்சமில்லை.

இனிச் சரக்கு. பால், ரொட்டி, முட்டை, வெண்ணெய் ஆகிய நான்கிலும் கடை குறை வைப்பதில்லை. முட்டை ஊர் எல்லையில் உள்ள பண்ணையிலிருந்து வருகிறது. ஓட்டில் வைக்கோல் ஒட்டியிருக்கும், உடைத்தால் மஞ்சள்கரு ஆரஞ்சு நிறத்துக்கு நெருங்கி நிற்கும். ரொட்டி வாரத்தில் மூன்று நாள் வரும். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் கல்லாவின் அருகில் நூலில் கட்டித் தொங்கும் நோட்டில் பெயர் எழுதி வைத்தால்தான் கிடைக்கும். எழுதாதவர்களுக்கு எட்டு நாள் கெடாத பாக்கெட் ரொட்டிதான். கடையின் பெருமை என்று நான் சொல்வது சீஸைத்தான். வென்ஸ்லிடேல் சீஸைப் பெரிய வட்டாகவே வாங்கி, மெல்லிய கம்பியால் அறுத்து, எடை போட்டு, மெழுகுத்தாளில் சுற்றித் தருகிறார்கள். வெள்ளையாக, பொலபொலவென்று உதிரும் இந்தச் சீஸில் இலேசான புளிப்பும் தேன் போன்ற பின்சுவையும் உண்டு. இதை இந்தப் பக்கத்து மக்கள் பழக் கேக்கோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். முதலில் எனக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது. இப்போது கேக் மட்டும் தனியாக வந்தால் ஏதோ குறைவதாகப் படுகிறது.

பாலுக்கு ரிச்மண்டின் பேரங்காடியைவிடப் பதினைந்து பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கிறோம், காரெடுத்துப் போய்வரும் எண்ணெய்ச் செலவை நினைத்தால் அது பொருட்டே அல்ல. அரிசி, எண்ணெய், சோப்பு போன்றவற்றில் வித்தியாசம் உறைக்கும். அவற்றை இங்கே வாங்கும்படி யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். செவ்வாய், வியாழன் காலைகளில் இரண்டு மணி நேரம் அஞ்சலகச் சேவை மூலையில் ஒரு சின்ன மேசையில் நடக்கிறது. பொட்டலம் அனுப்பலாம், வங்கிப் பணம் எடுக்கலாம். வங்கிக் கிளையே இல்லாத இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் அந்த இரண்டு காலைகளுக்காகவே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

கடையில் சம்பளம் வாங்குபவர் பகுதிநேர மேலாளர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் இரண்டு மணி நேர முறை வைத்து நிற்கும் முப்பது தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் சில்லறையை இரண்டு முறை எண்ணித்தான் தருவார். பண்ணை வீட்டுப் பாட்டி ஒருவருக்கு அட்டை இயந்திரத்தின் மேல் தீராத சந்தேகம். அது கீச்சிட்ட பிறகும் ‘பணம் போயிற்றா’ என்று உங்களிடமே கேட்பார். மிக வேகமாக வேலை பார்ப்பது சனிக்கிழமை வரும் பதினைந்து வயதுப் பையன். எடின்பரோ கோமகன் விருது என்று 1956இலிருந்து நடக்கும் இளைஞர் திட்டத்தின் சேவைப் பகுதிக்காக அவன் வருகிறான். ஆனால் பதினெட்டு நிரம்பாதவர் மது விற்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் ஒப்புதல் தரவேண்டும் என்பது சட்டம். எனவே நீங்கள் ஒரு வைன் பாட்டிலை எடுத்து வைத்ததும் அவன் அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி உள்ளறையை நோக்கிக் குரல் கொடுப்பான். வரிசையில் நிற்கும் அனைவருக்கும் உங்கள் மாலை நேரத் திட்டம் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அந்தரங்கத்தைப் பெரிதாக மதிப்பவர்களுக்கு இந்தக் கடை ஏற்றதல்ல. சென்ற குளிர்காலத்தில் தொண்டைக்கு இதமாக ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கினேன். மாலைக்குள் மூன்று பேர் காய்ச்சலா என்று கேட்டார்கள், நான்காமவர் வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனார். சூப் நன்றாகவே இருந்தது என்பதால் இதைக் குறைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

உண்மையான குறை காய்கறி. வியாழக்கிழமை வாங்கிய கேரட் வளைத்தால் ஒடியாமல் கயிறுபோல் வளைந்தது. கீரையின் ஓரம் பழுத்திருந்தது. இது ஒருமுறை அல்ல, பல வாரம் நடந்தது. பேரங்காடி என்றால் வாடிக்கையாளர் சேவை மேசையில் ரசீதை நீட்டிவிட்டு வந்திருப்பேன். இங்கே யாரிடம் சொல்வது? கல்லாவில் இருப்பவர் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே பொறுப்பாளி, மேலாளரோ நிர்வாகக் குழு சொன்னதைச் செய்பவர். குழுவைத் தேர்ந்தெடுத்ததோ உறுப்பினர்கள், அதாவது இரண்டு பங்கு வைத்திருக்கும் நானும்தான். எல்லாரும் முதலாளியாக இருக்கும் கடையில் புகார் சுற்றிச் சுற்றி நம் மடியிலேயே வந்து விழுகிறது. அண்டை வீட்டாரின் இலவச உழைப்பைக் குறைசொல்லக் கூச்சப்பட்டே பலர் வாயைத் திறப்பதில்லை, வாயைத் திறக்காமலே வாங்குவதையும் நிறுத்திவிடுகிறார்கள். லாபத்துக்கு நடக்கும் கடைக்குக் கிடைக்கும் வசவு இதற்குக் கிடைப்பதில்லை. என் பார்வையில் இந்த அமைப்பின் ஆகப் பெரிய பலவீனம் இதுவே.

நான் ஒருவாறு தயங்கித் தயங்கிச் சொன்னேன். கணித ஆசிரியர் கேரட்டை வாங்கி வளைத்துப் பார்த்தார், தலையசைத்தார், சுவரில் நீலப் பேனாவால் எழுதப்பட்டிருந்த முறைப்பட்டியலைக் காட்டி, திங்கட்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை ஆள் இல்லை, காய்கறி வந்து இறங்கும் நேரமும் அதுதான், நீங்கள் வருகிறீர்களா என்றார். மறுக்க முடியவில்லை.

அங்கே நின்ற பிறகுதான் காரணம் புரிந்தது. மொத்த வியாபாரி வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எங்கள் பக்கம் வண்டி அனுப்புகிறார், அதுவும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் வாங்கினால் மட்டுமே. கேரட் பத்து கிலோ பெட்டியாகத்தான் வரும். ஊரில் வாரத்துக்கு ஆறு கிலோ விற்றாலே அதிகம். மிச்சத்தைத் தள்ளினால் நட்டம், வைத்தால் வாடல். வாடத் தொடங்கியதைப் புதன்கிழமையே பாதி விலைக்குப் போட்டுச் சூப்புக்கு என்று எழுதி வைக்கலாம் என்றேன். இதற்கு நிர்வாகக் குழுவில் ஒன்றரை மாதம் விவாதம் நடந்தது, பாதி விலையா மூன்றில் இரண்டா என்று. இப்போது புதன்கிழமைப் பெட்டி இருக்கிறது. கீரைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

சரக்கை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இந்தக் கடைக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருவேன். ஆனால் ஊரில் நடப்பதற்கெல்லாம் இதுவே சீட்டுக் கொடுக்கும் இடம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபரில் மண்டபத்தில் ‘பை அண்ட் பீஸ்’ விருந்து நடக்கும்: சூடான பன்றியிறைச்சிப் பை, குழைய வேகவைத்த பட்டாணி, மேலே புதினாச் சாறு, சைவர்களுக்குச் சீஸும் வெங்காயமும் அடைத்த பை. வியாழக்கிழமைக்குள் கடையில் சீட்டு வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை காலை இறைச்சிக் கடைக்காரருக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். சீட்டு என்பது உண்மையில் தலைக்கணக்கு. ஜூன் மாதத் திருவிழாவுக்கு முக்கோணத் துணிக்கொடிகள் கடையின் பரணிலிருந்துதான் இறங்குகின்றன. தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்தும் விளையாட்டு, கேக்கின் எடையை ஊகிக்கும் போட்டி, ரப்பர் பூட்ஸை யார் அதிக தூரம் எறிவது என்னும் போட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டிய இடமும் அதே கல்லாதான்.

செப்டம்பர் தோட்டக்கலைக் கண்காட்சியை இந்த ஊர் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்தோடு ஒரு விதிப் புத்தகமும் கடையில் கிடைக்கும். மகளிர் சங்கத்தின் மரபுப்படி விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்கின் இரண்டு அடுக்குக்கு நடுவே ராஸ்பெர்ரி ஜாம் மட்டுமே இருக்கலாம், கிரீம் கூடாது. மேலே தூவுவது பொடிமணிச் சர்க்கரை, மாவுச் சர்க்கரை அல்ல. விண்ணப்பம் தந்த அம்மையார் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று சொன்னார், நான் படிக்கவில்லை. என் ஐந்து தக்காளிகளையும் காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, துடைத்து, பளபளவென்று வைத்தேன். நடுவர் சுவைத்துப் பார்க்கக்கூட இல்லை. தட்டின் அருகில் ‘பட்டியலில் கேட்டபடி இல்லை’ என்பதை ஆங்கிலத்தில் ‘NAS’ என்று மூன்று எழுத்தாகச் சுருக்கி எழுதிய அட்டை இருந்தது. தக்காளியைப் புல்லியோடு வைக்க வேண்டுமாம். மறுநாள் பால் வாங்கப் போனபோது வரிசையில் நின்ற ஐந்து பேரும் அதைப் பற்றி மிகுந்த அனுதாபத்தோடு பேசினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணி வாக்கில் பேரங்காடியின் வீட்டு விநியோக வண்டி எங்கள் தெருவில் நுழையும். கடைக்கு ஆதரவாகப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் பேசியவர்களின் வாசலிலும் அது நிற்கிறது, என் வாசலிலும் நிற்கிறது. கடை அடைக்கும் நேரமும் அதற்கு ஒரு காரணம்: வேலை முடிந்து ஐந்தரைக்கு ஊர் திரும்புபவருக்குப் பூட்டிய கதவுதான் மிச்சம், புதன்கிழமை ஒரு மணிக்கே அடைத்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தோம். பெருவாரியாக நிறைவேறியது. அந்த மாலை முறைக்குப் பெயர் கொடுத்தவர்கள் இதுவரை இரண்டு பேர். நான்கு பேர் சேர்ந்தால் தொடங்கலாம் என்று குழு சொல்லியிருக்கிறது.

இந்தப் பக்கம் நடைப்பயணம் வருபவர்கள் சீஸும் முட்டையும் கட்டாயம் வாங்குங்கள். ரொட்டி வேண்டுமென்றால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். கேரட்டைத் திங்கட்கிழமை, பத்து மணிக்கு முன்பு வாங்குங்கள். அப்போது பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பது நானாகத்தான் இருக்கும்.