ஒரு கையால் திறக்க வேண்டும்: வைப்ஸ் பக்கெட் நான்கும் மாமியின் கட்டிலும்

மாமி கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வைப்ஸ், அதாவது துடைக்கிற ஈரத்தாள், செலவு சோப்புச் செலவைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பும் மகனுக்காக வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் வாசம் இல்லாததா, தாள் தடிப்பா, எத்தனை தாள் என்றுதான் பார்ப்பேன். அது அடைத்து வருகிற பக்கெட்டைப் பார்த்ததே இல்லை. மாமியைப் பக்கவாட்டில் திருப்பி, இடது கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, வலது கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு தாளை உருவ வேண்டிவந்த முதல் இரவில்தான் விஷயம் விளங்கியது. ஸ்டிக்கர் வாய் வைத்த பக்கெட் அது. வாயை உரித்தேன், தாள் வரவில்லை. நுனியைத் தேடி நகத்தால் சுரண்டினால் ஐந்து தாள் கட்டியாகக் கிளம்பியது. அந்த ஐந்தோடு பக்கெட்டும் வந்து தரையில் விழுந்தது. “என்னகா, அதோட சண்ட பிடிக்கிறாய்?” என்று மாமி சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

அதன் பிறகு நான்கு மாதமாக, காத்தான்குடிக் கடைகளிலும் மட்டக்களப்பு டவுனிலும் கிடைத்த நான்கு விதத்தையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்துவிட்டேன். ஒற்றைத் தாள் உள்ள சின்னப் பக்கெட், ஸ்டிக்கர் வாய்ப் பக்கெட், அதே பக்கெட்டின் மேல் கெட்டி மூடி ஒட்டியது, அப்புறம் உருளை டப்பா. கம்பனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். ஒரே கம்பனியே இரண்டு மூன்று விதமாக அடைத்து விற்கிறது.

கடைகளில் அதிகம் தொங்குவது ஸ்டிக்கர் வாய்தான், அதிலிருந்தே தொடங்கலாம். பிஸ்கட் பக்கெட் செய்யும் அதே வேலைதான் இதுவும். பிளாஸ்டிக் சுருளைக் குழாய் போல மடித்து, முதுகில் நீளத்துக்கு ஒரு ஒட்டு, இரண்டு முனையிலும் பல்லுப் பல்லாகச் சூட்டு ஒட்டு. மேல்புறத்தில் நீள்வட்டமாக வாய் வெட்டி அதன்மேல் ஸ்டிக்கர். விரலால் பிடிக்க ஒரு நுனியில் மட்டும் பசை இருக்காது. விலை குறைவு, பாரமில்லை, கைப்பையில் எந்த மூலைக்குள்ளும் அமுங்கும். முதல் பத்துத் தாள் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை பசையில் தொடங்குகிறது. திறக்கிற ஒவ்வொரு முறையும் ஈர விரல் படுகிறது. தாளின் நார்ப் பொடி, மாமிக்குப் பூசும் கிறீம், பிள்ளையின் பவுடர், கடைசியாக எங்கள் ஊர் மணல். நாவற்குடாவில் வீட்டுக்குள் மணல் இல்லாத இடம் சாமித்தட்டு ஒன்றுதான், அதையும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். முப்பதாவது தாள் வருவதற்குள் ஸ்டிக்கர் ஒட்டுவது போல நடிக்கத் தொடங்கிவிடும். அழுத்தினால் படியும், நாம் திரும்பியதும் நுனி மெல்லக் கிளம்பும். மாரி காலத்தில் அது பெரிய விஷயமில்லை. காய்ந்த கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நிலைமை வேறு. போன ஆனியில் ஓர் இரவு ஸ்டிக்கர் நுனி கிளம்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஜன்னலும் திறந்திருந்தது. காலையில் மேலே இருந்த மூன்று தாளும் அப்பளம்.

அந்தக் கோபத்தில் ஒரு வேலை செய்தேன். புதுப் பக்கெட்டிலிருந்து பத்துத் தாளை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 58 கிராம். கொடியில் காயப்போட்டு மறுபடி வைத்தேன். 15 கிராம். ஆக, நாம் காசு கொடுத்துச் சுமந்து வருவதில் முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காப்பதுதான் பக்கெட்டின் தொழிலே. தாள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வாய் மூடாவிட்டால் வாங்கியது வெறும் துணி.

கெட்டி மூடிப் பக்கெட்டில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கீல் வைத்த பிளாஸ்டிக் மூடி இருக்கும். முதல் தடவை திறக்கும்போது உள்ளே ஒரு ஸ்டிக்கர் தெரியும், அதை உரித்து எறிந்துவிட வேண்டும். அதன் பிறகு பெருவிரலால் தட்டினால் திறக்கும், உள்ளங்கையால் அமுக்கினால் ‘டக்’. கூடுதலாகக் கொடுக்கிற காசு இந்த ‘டக்’குக்குத்தான் என்பேன். இருட்டில், முகத்தைத் திருப்பாமலே, மூடிவிட்டது என்று காது சொல்லிவிடுகிறது. ஸ்டிக்கரிடமிருந்து அப்படி ஒரு தகவலும் வராது. போய்த் தடவிப் பார்த்தால்தான் உண்டு.

ஆனால் மூடி மட்டும் போதாது, உள்ளே வாய் எவ்வளவு அகலம் என்பதையும் பார்க்க வேண்டும். நான் வாங்கிய கெட்டி மூடிகளில் ஒன்றின் வாய் உள்ளங்கை அகலம், இன்னொன்றுக்கு இரண்டு விரல் அகலம். பார்வைக்கு அகலமானது வசதி போலத் தெரியும். இழுத்துப் பார்த்தால் குறுகிய வாய்தான் கெட்டிக்காரி. தாள்களை ஒன்றின் வாலை அடுத்ததன் மடிப்புக்குள் செருகி அடுக்கியிருப்பார்கள், டிசுப் பெட்டியில் போல. முதல் தாளை இழுத்தால் அடுத்ததன் நுனி வெளியே வந்து நிற்க வேண்டும். குறுகிய வாய் அந்த நுனியைக் கவ்வி, பின்னால் வருகிற மற்றதைத் தடுத்துவிடும். அகல வாயில் கவ்வ ஒன்றும் இல்லாததால் மூன்று நான்கு சேர்ந்தே வரும். மலிவுப் பக்கெட்டுகள் சிலவற்றில் இந்தச் செருகலே கிடையாது. தனித்தனியாக மடித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த முதல் இரவில் என்னைச் சுரண்ட வைத்தது இதுதான். கடையில் நின்று இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வாங்கித் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெட்டி மூடிக்கும் வயது உண்டு. 80 தாள் பக்கெட் புதிதாக இருக்கும்போது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். அந்தப் பாரமே நமக்கு இரண்டாவது கை மாதிரி. ஒரு கையால் இழுத்தாலும் பக்கெட் அசையாது. கடைசி இருபது தாளில் மூடிதான் பாரம், உடம்பு தொளதொளவென்று ஆகிவிடும். இழுத்தால் முழுவதும் கூடவே வரும், தாளும் உள்ளே மூலைக்கு ஒதுங்கிவிடும். கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இரண்டு றப்பர் வளையம் போட்டுப் பக்கெட்டைக் கட்டி வைத்த பிறகுதான் அது அடங்கியது. இன்னொன்று, பக்கெட்டைப் பல நாள் ஒரே பக்கமாக வைத்தால் நீர் அடிக்கு இறங்கி மேல் தாள்கள் வறண்டு போகும். தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும். முக்காலியில் கட்டி வைத்ததைக் கவிழ்க்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் புதிதாக வாங்கியதை இரண்டு நாள் அலுமாரியில் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் கட்டுகிறேன்.

உருளை டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே தாள் சுருளாக இருக்கும், கிழிவதற்குத் துளை போட்டிருக்கும், மூடியில் நட்சத்திர வெட்டு. மேசை, கவுண்டர் துடைக்கிற கடைகளுக்கு நல்லது, ஏனென்றால் நிமிர்ந்து நிற்கும், கை தட்டினாலும் தேடத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது இரண்டு வாரம்தான் இருந்தது. ஒருமுறை அவசரத்தில் வெடுக்கென்று இழுத்ததில் தாள் அறுந்து வால் உள்ளே விழுந்துவிட்டது. மூடியைக் கழற்றி, நடுவிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, நட்சத்திரத்துக்குள் மறுபடி கோர்க்க வேண்டும். ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான், இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இரண்டும் என்னிடம் இல்லை.

ஒற்றைப் பக்கெட்தான் இந்த நான்கில் மூத்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஆர்தர் ஜூலியஸ் என்பவர், அழகுசாதனத் தொழிலில் இருந்தவர், சூப்பைப் பங்கு பங்காக அடைக்கிற இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து ஈரத்தாளைத் தனித்தனியாக அடைக்கத் தொடங்கினார். ‘வெட்-நாப்’ என்று பெயர் வைத்தார். 1963இல் கே.எஃப்.சி. கோழிக்கடைகளைத் தொடங்கிய கேர்னல் சாண்டர்ஸ் தன் கோழிப் பொரியலோடு அதைக் கொடுக்க எடுத்துக்கொண்டார். கோழி எண்ணெய்க்குப் பிறந்த சாமான் எங்கள் வாவி நண்டுக் குழம்புக்கும் ஈடு கொடுக்கும் என்று நினைத்தேன். பாதிதான் கொடுத்தது.

அடைப்பு என்று பார்த்தால் நான்கிலும் இதை அடிக்க ஆளில்லை. கடதாசி, பிளாஸ்டிக், நடுவில் அலுமினியத் தகடு என்று அடுக்கு, நான்கு பக்கமும் சூட்டு ஒட்டு. ஈரம் எங்கும் போகாது. கைப்பையின் அடியில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து, எழுத்தெல்லாம் தேய்ந்த ஒன்றைப் பிரித்தேன். உள்ளே தாள் நேற்று வைத்தது போல ஈரமாக இருந்தது. அது ஒரே ஒரு முறைதான் காற்றைப் பார்க்கிறது, மற்ற மூன்றும் எண்பது முறை பார்க்கின்றன. குறை வேறிடத்தில். அதைக் கிழிக்க ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சாப்பிட்டு முடித்த, எண்ணெய் வழிகிற விரலால் அந்த வெட்டைக் கண்டுபிடித்து, வழுக்காமல் கிழித்துப் பாருங்கள். கடைசியில் பல்லால்தான் கிழிப்போம், நாக்கில் அந்தக் கசப்புப் படும், சாப்பிட்ட நண்டின் ருசி போய்விடும். கை அழுக்கானால் எடுக்க வேண்டிய சாமான், சுத்தமான கையால்தான் திறக்கும் என்றால் என்ன செய்வது? சாப்பிட உட்காரும் முன்பே கிழித்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகும்போது நான் அப்படித்தான் செய்கிறேன். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் என்னுடைய வாக்கு இதற்குத்தான். வீட்டுக்கு வேண்டாம், ஒரு நாளில் குப்பைக்கூடை நிரம்பிவிடும்.

பக்கெட்டின் முதுகையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வேன். நான் வாங்கியவற்றில் மலசலகூடத்தில் போடக் கூடாது என்ற படம் பெரும்பாலும் முதுகு ஒட்டின் மடிப்புக்கு அடியில், தூக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில் இருந்தது. முகப்பில் குழந்தையின் சிரிப்பு கால்வாசி இடத்தை எடுத்திருந்தது. மச்சாள் வீட்டில் ஆறு மாதம் அப்படிப் போட்டு மலக்குழி அடைத்து, பவுசர் லொறி வரவழைத்து உறிஞ்சி எடுத்தார்கள். குழாயில் வந்தது முழுத் தாள்கள், கிழியக்கூட இல்லை. இந்தத் தாளை நெய்வதில்லை. வேகமான நீர்த்தாரைகளால் நாரோடு நாரைச் சிக்கவைத்துச் செய்கிறார்கள், பலதில் பொலியெஸ்டரும் கலந்திருக்கும். ஒரு போத்தலில் டொயிலட் கடதாசியும் இன்னொன்றில் வைப்ஸும் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தேன். கடதாசி அப்போதே கஞ்சி. வைப்ஸை ஒரு வாரம் கழித்து எடுத்துப் பிழிந்து காயப்போட முடிந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் கலந்த ஈரத்தாள் பக்கெட்டுகளில் ஆமைப் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும். அங்கிருந்து வருகிற பக்கெட்டில் அந்த ஆமையைக் கண்டால் காரணம் இதுதான்.

மூடி திறந்த சிறு டப்பாப் படமும் உள்ளே ‘12எம்’ போன்ற எழுத்தும் இருந்தால், திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்று அர்த்தம். வாய் ஒழுங்காக மூடினால் என்று அதோடு நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமியின் தோல் மெல்லியது என்பதால் சேர்மானப் பட்டியலையும் டோர்ச் அடித்துப் படிக்கிறேன். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மெதில்ஐசோதயசோலினோன் என்ற பெயர் இருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். தோலில் ஒவ்வாமை வருகிறது என்று, கழுவாமல் விடும் பூச்சுகளிலும் தாள்களிலும் அதைப் போடுவதை ஐரோப்பாவில் 2017இல் தடுத்துவிட்டார்கள். நான் வாங்கிய நான்கு விதத்தில் இரண்டில் தமிழ் எழுத்தே இல்லை. இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித் தேட மாமியின் வயதில் யாரால் முடியும்?

பழைய சேலைத் துணியும் கிணற்றுத் தண்ணீரும் இந்தப் போட்டியில் இல்லையா என்று மாமியே கேட்டார். இருக்கிறது. பகலில் இன்னமும் அதுதான், வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து ஒற்றினால் தோலுக்கும் சுகம், செலவும் இல்லை. ஆனால் அதற்கு வாளி, பிழிய இரண்டு கை, துவைக்க இன்னொருவர். இரவில் நான் மட்டும்தான். அதனால் இரவுக்குக் குறுகிய வாய் வைத்த கெட்டி மூடி, கைப்பைக்கு இரண்டு ஒற்றை. ஸ்டிக்கர் வாய் வாங்கினால் பத்துத் தாள் உள்ள சின்னது மட்டும், பசை சாவதற்குள் தாள் முடிந்துவிடும்.

முடிந்த பக்கெட்டுகளின் மூடியை மகன் பிடுங்கி எடுத்துக்கொள்கிறான். ஓர் அட்டைப் பெட்டியில் ஆறு மூடியை ஜன்னல் போல ஒட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் வரைந்து மாமியின் கால்மாட்டில் வைத்திருக்கிறான். வெள்ளையும் நீலமுமாக ஐந்து மூடி இப்போதும் டக்கென்று மூடுகின்றன. பச்சை மூடியின் கீல் உடைந்துவிட்டது. அந்தக் கம்பனிப் பக்கெட்டை நான் மறுபடி வாங்கவில்லை.