பழைய கட்டானாவுக்கு எந்த உறை: ஷிராசயாவா, கோஷிராயேவா?

பழைய ஜப்பானிய வாளுக்கு இரண்டு விதமான உடை உண்டு. இடுப்பில் செருகிப் போவதற்கானது கோஷிராயே: அரக்குப் பூசிய உறை, பட்டுக்கயிறு சுற்றிய கைப்பிடி, சுபா என்ற கைக்காப்பு. பார்க்க அழகு. ஆனால் அரக்குப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பல வருட எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் உள்ளே சேர்ந்தால், உருவும்போதெல்லாம் மெருகில் கீறல் விழும்.

வாளை வீட்டில் பத்திரப்படுத்த ஷிராசயாதான் சரி. பூச்சே இல்லாத மக்னோலியா மரம். மென்மையானது, இரும்பைக் கீறாது. இரு பாதிகளையும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுகிறார்கள். ஏன் தெரியுமா? உள்ளே துரு பிடித்தால் உறையைப் பிளந்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிவிடலாம். எவ்வளவு அருமையான யோசனை! இதில் கைக்காப்பு கிடையாது, பிடியும் வலுவற்றது. அதனால் வீசிப் பார்க்கக் கூடாது.

சரி, கோஷிராயேவை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுனாகி என்ற மர வாளை உள்ளே செருகினால் எல்லா உறுப்புகளும் கழலாமல் நிற்கும். எந்த உறையானாலும் அலகுக்கு அவ்வப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் அடிப்பகுதியின் கருந்துருவை மட்டும் தேய்க்கவே கூடாது. வாளின் வயதைக் கணிக்க அதைத்தான் பார்ப்பார்கள்.