பழைய கடனை வைத்துக்கொண்டே புது வீடு வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை – எங்கள் 3,40,000 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. ஒரு வீட்டுக்கடன் கழுத்தில் தொங்கும்போதே இன்னொரு வீடு தேடுகிறவர்கள், அதிலும் வீட்டு விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாகிப்போனவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ‘லோன் கன்சல்டிங், ரியல் எஸ்டேட்’ என்று போர்டு மாட்டிய ஒரு ஆபீஸ் எங்கள் 3,40,000 ரூபாயை முழுங்கிவிட்டது. போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம், இப்போதைக்குப் பெயர் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை.

எங்கள் கதை இதுதான். 2017-இல் கோத்தகிரி பக்கம் சரிவில் ஒரு வீட்டை 42 லட்சத்துக்கு வாங்கினோம். கடன் 33 லட்சம், 25 வருஷத் தவணை. அப்புறம் ஒரு மழையில் பின்பக்கத் தடுப்புச் சுவர் பிளந்துகொண்டது, அதை எடுத்துக் கட்ட டாப்-அப் லோன் 6 லட்சம். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (பேங்குகளுக்கு அது கொடுக்கிற கடனுக்கான வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை கொண்டுபோனது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு இஎம்ஐ ஏறவில்லை, அதற்குப் பதில் தவணைக் காலத்தை நீட்டிவிட்டார்கள். கட்டுவதெல்லாம் வட்டிக்கே போகிறது, அசல் நகரவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் பாக்கி 34 லட்சம். வீட்டையோ 27-க்கு மேல் கேட்க ஆள் இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஹாலைக்கூடப் பார்ப்பதில்லை, நேராகப் பின்பக்கம் போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அடுத்த கேள்வி, ‘இடம் ஹாக்காவில் வருதா, மாடிக்குப் பிளான் அப்ரூவல் இருக்கா?’ (ஹாக்கா என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு.) ஆக, விற்றாலும் கையிலிருந்து 7 லட்சம் வைத்தால்தான் பேங்க் பத்திரத்தையே கொடுக்கும்.

அத்தைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற படிகளில் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் தரைத்தளமாக ஒரு சின்ன வீடு, 38 லட்சம் என்று சொன்னதும் மனசு அங்கேயே போய்விட்டது.

அந்த வீட்டைக் காட்டிய ஆபீஸ்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நானும் இந்த மலைதான் அக்கா என்றார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்து, எந்தத் தைலம் போடுறீங்க பாட்டி என்று விசாரித்தார். வர்க்கியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். “ஏழு லட்சமெல்லாம் ஒரு விஷயமே இல்லக்கா. பழைய வீட்டை எங்க பார்ட்டி கடனோடவே எடுத்துக்குவாங்க. துண்டு விழுறதைப் புது லோன்ல ஏத்திடலாம், பேங்க்ல நான் பேசிக்கிறேன். நீங்க பத்திரச் செலவை மட்டும் ரெடி பண்ணுங்க.” முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 38 லட்சத்துக்கு 3,42,000. சரியான கணக்குதான், அதுதான் எரிச்சலே. “அந்த ரெண்டாயிரத்தை உங்களுக்காக விட்டுத் தர்றேன்கா, 3,40,000 கொடுங்க போதும்” என்றார். அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரியில் ஒரு புரோக்கர் தள்ளுபடி கொடுக்கிறார்! அன்றைக்கு என் வீட்டுக்காரர் ‘நல்ல மனுஷன்’ என்று சொல்லி இன்னொரு டீ போடச் சொன்னார்.

வளையலை அடகு வைத்தது கொஞ்சம், சேமிப்பு கொஞ்சம். ஆபீஸ் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது என்று வேறொரு நம்பர் கொடுத்தார்கள். ஜிபேயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் பிரித்துப் பிரித்து மூன்று லட்சம், மிச்சம் 40,000 ரொக்கம். வெள்ளைத் தாளில் ஒரு ரசீது. அதில் ‘சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது’ என்று எறும்பு எழுத்தில் இருந்ததை இப்போது கண்ணாடி போட்டுப் படிக்கிறோம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது. சர்வர் டவுன். முகூர்த்த நாள், டோக்கன் கிடைக்கவில்லை. பேங்க் மேனேஜர் மாற்றலாகிவிட்டார். ஆடி மாசம் வீட்டுப் பத்திரம் யாராவது போடுவாங்களா அக்கா? ஆவணி வந்ததும் போனை எடுப்பதே நின்றது. நேரில் போனால் ரிசப்ஷனில் ஒரு பெண், தலையைக்கூட நிமிர்த்தாமல், “அவர் வேலையை விட்டுப் போய்ட்டாரு, அது அவர் பர்சனலா வாங்கினது” என்றது. உள்ளே ஏசி ரூமில் முதலாளி உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. மீட்டிங்காம். 3,40,000 ரூபாய்க்கு ஐந்து நிமிஷம் பேச ஆள் இல்லை.

மேட்டுப்பாளையம் வீட்டுக்காரரையே தேடிப் பிடித்தோம். அவர் வேறு ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கியாயிற்று, எங்கள் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையாம்.

கடன் கொடுத்த பேங்கில் கேட்டபோதுதான் மொத்தமும் பொய் என்று புரிந்தது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவே மாட்டார்கள். 38 லட்சம் வீட்டுக்கு, வேறு கடனே இல்லாத ஆளுக்கே 30 லட்சத்துச் சொச்சம்தான் கிடைக்கும். இதில் என் பழைய 7 லட்சத்தை எங்கே ஏற்றுவது? ‘கடனோடு எடுத்துக்கொள்வது’ என்பதும் பேங்க் சம்மதிக்காமல் நடக்காது. வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் கடன் நம் பெயரிலேயேதான் இருக்கும். வாங்கினவர் இஎம்ஐ கட்டாவிட்டால் நம் சிபில் ஸ்கோர் விழும், கடன் கட்டாத சொத்தைப் பேங்கே எடுத்து விற்க வழி தருகிற சர்ஃபேசி சட்டத்தில் வீட்டை ஏலம் விட்டாலும் பற்றாததை நம்மிடம்தான் கேட்பார்கள். அந்த மேனேஜர் இதையெல்லாம் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார், காசு வாங்கவில்லை.

நிறைய விஷயம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தலை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரச் செலவை எந்தப் புரோக்கர் கையிலும் கொடுக்காதீர்கள், பதிவுத் துறை இணையதளத்தில் நாமே கட்டலாம். அட்வான்ஸ் கொடுத்தால் வீட்டுக்காரரிடமே கொடுங்கள், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கொடுக்காதீர்கள், தமிழ்நாட்டில் 2012-லிருந்து அது கட்டாயம். வில்லங்கம் ஆன்லைனிலேயே பார்க்கலாம். ஆன்லைனில் அனுப்பிய பணம் மோசடி என்று தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் போடுங்கள், நாங்கள் போட்டபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. பழைய கடன் விஷயமாக முதலில் உங்கள் பேங்கில் கேளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறோம். குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் பக்கம் இதே மாதிரி ‘பத்திரச் செலவு’ என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில் பச்சை மையில் சாய்வாக ஒரு கையெழுத்து, கீழே தேதி இல்லை. உங்களுடையதும் அப்படி இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே எஸ்.பி. ஆபீஸுக்குப் போகலாம்.