எண்கோடா, வட்டங்களா?

எண் வகைகளை முதலில் எதை வைத்துச் சொல்லித் தருவது என்று டியூஷன் எடுப்பவர்கள் குழம்புவது உண்டு. எண்களை வரிசையாகக் குறிக்கும் எண்கோடா, வட்டத்துக்குள் வட்டம் போடும் வென்படமா?

செலவு: இரண்டுக்கும் சாக்பீஸ் போதும்.

குறை எண்கள்: எண்கோடுதான். பூச்சியத்துக்கு இடப்பக்கம் நடந்தால் −3 தானாக வந்துவிடும்; −5 அதைவிடச் சிறியது என்பதும் கண்ணில் படும். வென்படத்தில் எது பெரியது என்றே தெரியாது.

ஒரே எண், பல பெயர்: வென்படம். 5 ஓர் இயல் எண் (1, 2, 3 என்று எண்ணப் பயன்படுவது). முழு எண்களிலும் முழுக்களிலும் விகிதமுறு எண்களிலும் (முழுக்களின் பின்னமாக எழுத முடிந்தவை) அது உண்டு. கோட்டில் அது வெறும் புள்ளி. (முழு எண்கள், முழுக்கள் என்று பெயர் வைத்தது தனித் தலைவலி. முன்னது 0-இல் தொடங்கும், பின்னதில் குறை எண்களும் சேரும்.)

விகிதமுறா எண்கள் (அப்படிப் பின்னமாக எழுத முடியாதவை): இங்கேதான் சிக்கல். ஓரலகுச் சதுரத்தின் மூலைவிட்டத்தைக் காம்பஸால் அளந்து கோட்டில் இறக்கினால் √2 எங்கே என்று காட்டிவிடலாம். ஆனால் 1.414 அதை ஒட்டியே நிற்கும். எது விகிதமுறு எண் என்று கோடு சொல்லாது. வென்படத்தில் 22/7 விகிதமுறு வட்டத்துக்கு உள்ளே, π வெளியே என்று எழுதிப் போட்டால், இரண்டும் ஒன்றே என்ற அந்தப் பழைய குழப்பம் தீரும். அப்புறம், சின்ன வட்டம் என்றால் கொஞ்சம் எண்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள், கவனம்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு எண்கோடு. ஒன்பதாம் வகுப்பு மெய்யெண்களுக்கு (விகிதமுறு, விகிதமுறா எண்கள் எல்லாம் சேர்ந்தவை) வென்படம். √2 வரும்போது மட்டும் கோட்டுக்குத் திரும்புங்கள்.