மைசூரா, திருப்பூணித்துறையா?

அரண்மனை பார்க்கக் கிளம்பும் கோவை, ஈரோட்டுக் குடும்பங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகின்றன.

வழி: மைசூருக்குப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். திருப்பூணித்துறைக்கு எர்ணாகுளம் வரை ரயில், பிறகு மெட்ரோ.

கட்டடம்: 1897 தீவிபத்துக்குப் பின் எழுந்து 1912இல் முடிந்த மைசூர் அரண்மனை பகட்டின் உச்சம். திருப்பூணித்துறையில் உள்ள கொச்சி அரசர்களின் ஹில் பேலஸ் 1865இல் கட்டியது. 49 கட்டடங்கள், ஆரவாரமில்லாத ஓட்டுக்கூரைகள்.

ஓவியம்: இதில் போட்டியே இல்லை. மைசூரில் ஜகன்மோகன் அரண்மனைக்குத் தனி டிக்கெட் எடுங்கள். ரவிவர்மா படங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஓவியர் ஹல்தன்கரின் ‘விளக்கேந்திய பெண்’ படத்தின் முன் நில்லுங்கள். சுடரை மறைக்கும் விரல்களுக்கிடையே சிவப்பு கசிகிறது. அத்தனையும் நீர்வண்ணம்! ஹில் பேலஸில் பார்க்க வேண்டியது பொற்கிரீடம்.

தோட்டம்: மைசூர் அரண்மனை முற்றத்தில் வெயில் வாட்டும், பிருந்தாவனத்துக்குத் தனியாகப் போக வேண்டும். ஹில் பேலஸில் அடுக்கடுக்கான புல்தரை, மர நிழல், மான்கள். ஆனால் படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும்.

ஓவியப் பிரியர்களும் குழந்தைகளும் என்றால் மைசூர். ஞாயிறு இரவு விளக்கொளியையும் பார்த்துவிடலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் திருப்பூணித்துறை, திங்கள் மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.