பேப்பி வான் விங்கிள் 15 என்று சொல்லி விற்றார்கள், உள்ளே இருந்தது வேறு

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் யாராவது போர்பன் என்னும் அமெரிக்க மக்காச்சோள விஸ்கியில் அரிய பாட்டில் ஒன்றைத் தனி ஆளிடம் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் 1,100 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனது ஒரு பக்கம். யாருக்காக வாங்கினேனோ அவர் முன்னாலேயே அது போலி என்று தெரிந்ததைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

நான் இருப்பது கென்டக்கியில், லெக்சிங்டன் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் விஸ்கி பீப்பாய்க் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போர்பனை எப்படிக் குடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காதே, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகர். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, அதை வைத்து எதுவும் சொல்லாதே. இரண்டாவதை வாயில் வைத்து மென்று பார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு பேப்பி வான் விங்கிள் 15 என்ற அரிய போர்பன் பாட்டில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இந்தப் பாட்டில் ஏன் கிடைப்பதில்லை என்றால், கென்டக்கியின் பிராங்க்ஃபர்ட் ஊரில் உள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலையில் தயாராகும் இந்தச் சரக்கு பதினைந்து வருடமாவது பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயிலிருந்து வருடா வருடம் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை 150 டாலருக்குக் குறைவாகவே விலை குறித்திருந்த பாட்டில், வெளியில் ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு அந்த இடைவெளி போதும்.

ஒரு இணையக் குழுவில்தான் ஆளைப் பிடித்தேன். மாமா இறந்துவிட்டார், அவர் சேர்த்து வைத்த பாட்டில்களை விற்கிறோம் என்றார். பெட்ரோல் பங்க் ஒன்றின் பார்க்கிங்கில் சந்தித்தோம். பொறுமையாகப் பேசினார், பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் லேசரால் அச்சிட்ட எண் வரிசை இருக்கும், பாட்டிலில் அடைத்த ஆண்டும் நாளும் அதில் தெரியும். அதைத் தேடிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அதோடு திருப்தியாகிவிட்டேன். பாட்டில் அசலாக இருந்து உள்ளே இருப்பது மட்டும் வேறாக இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பணத்தைச் செயலியில் 'நண்பருக்கு அனுப்புதல்' என்ற வகையில் அனுப்பச் சொன்னார், அப்படியே அனுப்பினேன்.

பிறந்தநாள் அன்று அவர் வீட்டு முன்திண்ணையில் திறந்தோம். கழுத்து உறையைக் கத்தியால் கீறும்போதே அது கார்க்கோடு ஒட்டாமல் தொளதொளவென்று கழன்று வந்தது. கார்க்கின் ஓரம் நைந்திருந்தது, முன்பே பலமுறை இழுத்துச் செருகிய கார்க் போல. பெரியவர் அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் ஊற்றினார்.

முகர்ந்தார். வாயில் வைத்து மென்றார். பிறகு வீட்டுக்குள் போய்த் தன்னிடமிருந்த வெல்லர் ஆன்டிக் 107 பாட்டிலை எடுத்து வந்து இன்னொரு கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். மீதியில் முளைகட்டிய (மால்ட்) பார்லியோடு பெரும்பாலும் ரை தானியம் சேர்ப்பார்கள். பேப்பியில் ரைக்குப் பதில் கோதுமை. வெல்லரும் அதே வடிசாலையின் கோதுமைச் சரக்கு. இரண்டுமே 107 புரூஃப், அதாவது 53.5 சதவீத ஆல்கஹால். வயதுதான் வித்தியாசம். வெல்லரைக் குடித்தால் நெஞ்சில் சூடு இறங்கும், கென்டக்கி ஹக் என்று இங்கே சொல்வது அதைத்தான். காய்ச்சிய சர்க்கரைப்பாகு, வெண்ணிலா, கொஞ்சம் பட்டை, எல்லாம் உறுத்தாமல் ஒன்றாக வரும். பதினைந்து வயதுச் சரக்கு அதையும் தாண்டி இருக்க வேண்டும். மரத்தின் துவர்ப்பு, பழைய தோல்பை வாசனை, உலர்ந்த பழம், விழுங்கியபின் நெடுநேரம் நிற்கும் கசப்பினிப்பு.

நான் வாங்கியதில் நெஞ்சுச் சூடே இல்லை. நாக்கின் ஓரத்தில் மிளகும் புதினாவும் போல ஒரு குத்தல். ரை கலந்த சரக்கின் சுபாவம் அது. விழுங்கிய மறுநொடி வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிறமும் வெல்லரைவிட வெளுப்பு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார் பெரியவர். சரி, நாக்கும் சில நேரம் பொய் சொல்லும் என்று ஆல்கஹால் அளவைக் காட்டும் அவருடைய மிதவைக் கருவியை (ஹைட்ரோமீட்டர்) மிதக்கவிட்டுப் பார்த்தோம். 45 சதவீதத்தில் நின்றது. பேப்பி போன்ற 'ஸ்ட்ரெயிட் போர்பன்' வகையில் சர்க்கரையோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது என்பதால் இந்த அளவை நம்பலாம். அரைப் புள்ளி முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம், எட்டுப் புள்ளிக்கு மேல் இறங்குவதற்கு வழியே இல்லை.

குடித்த கோப்பைகளைக் கழுவாமல் வைத்திருந்தோம். காலையில் வெல்லர் கோப்பையில் மரமும் சர்க்கரையும் இன்னும் மணத்தன. மற்றதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன், பத்து நிமிடத்தில் என்னைத் தடை செய்துவிட்டார். நண்பருக்கு அனுப்பிய பணம் என்பதால் செயலிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே சட்டப்படி குற்றம், நானும் அது தெரிந்தேதான் வாங்கப் போனேன். ஆகவே புகார் கொடுக்கவும் தயக்கம். இந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2018 முதல் கென்டக்கியில் உரிமம் உள்ள கடைகள் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. விலை கூடத்தான், ஆனால் ரசீதும் கேள்வி கேட்க ஒரு முகவரியும் இருக்கும். ஒஹாயோ, வர்ஜீனியா, பென்சில்வேனியா மாநிலங்களில் அரசே குலுக்கல் நடத்திக் குறித்த விலைக்குக் கொடுக்கிறது. சுவைத்துப் பார்த்தால் போதும் என்பவர்கள் நல்ல பாரில் ஒரு அவுன்ஸ் வாங்கிக் குடிக்கலாம். எப்படியும் தனி ஆளிடம்தான் வாங்குவேன் என்றால், கழுத்து உறையை நகத்தால் மெல்லத் திருகிப் பாருங்கள். சுழன்றால் வாங்காதீர்கள். 'நண்பருக்கு' என்று பணம் அனுப்பச் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, காலிப் பாட்டில். இந்தப் பெயர் ஒட்டிய வெறும் பாட்டிலுக்கே நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது, அது எங்கே போய் நிரம்புகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, லேபிளைக் கிழித்து, பாட்டிலைச் சாக்கில் போட்டுப் பெரியவர் கையாலேயே சுத்தியலால் உடைக்கச் சொன்னேன். இரண்டு அடியில் உடைந்தது. அப்புறம் இருவரும் வெல்லரில் ஆளுக்கொரு கோப்பை குடித்தோம்.